குலுக்கலில் வராத பேர்

"இது பச்சை மோசடி, சார்!"

டெஸ்டர் போட்ட சத்தத்தில் மேனேஜரின் டீ தளும்பி மேஜையில் கொட்டியது.

ஆறு பேர் கொண்ட டீம். ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு யார் வருவது என்று வாராவாரம் குடுமிப்பிடிச் சண்டை. அதை ஒழிக்கத்தான் புரோகிராமர் பெண் ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினாள். கறுப்புத் திரையில் ஒரு வரி கமாண்ட் அடித்தால் போதும், எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைத்த பட்டியலில் உள்ள ஆறு பேரில் ஒருவர் பேரைக் குலுக்கிப் போட்டுவிடும்.

"புரோகிராமை கன்டெய்னர்னு பூட்டின பெட்டி மாதிரி ஒண்ணுக்குள்ள போட்டு மூடியாச்சு. வெளியில இருந்து யாரும் கை வைக்க முடியாது" என்றாள். எல்லோரும் நம்பினார்கள். டெஸ்டர் நம்பவில்லை. குறை கண்டுபிடிக்கத்தானே அவனுக்குச் சம்பளம்!

"ரெண்டு மாசமா டிசைனர் பேர் ஒரு தடவைகூட வரல, சார். அதான் பொதுவுல இருக்கிற பட்டியல்ல எங்க வீட்டு நாய் பேரையும் சேர்த்து, நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன். நாயும் வரல, டிசைனரும் வரல!"

"அதெப்படிப்பா?"

"கன்டெய்னர் கட்டும்போதே இந்த அம்மா வேற பட்டியலை உள்ள வெச்சுக் கட்டியிருக்காங்க. நமக்குக் காட்டுறது ஒண்ணு, உள்ள ஓடுறது ஒண்ணு. சும்மாவா ரெண்டு பேரும் தினம் ஒண்ணா டீ குடிக்கிறாங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என்னம்மா, நிஜமா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். அவர் பேரை எடுத்தது நான்தான்."

"ஏன்?"

"அதை மட்டும் கேக்காதீங்க சார்."

"அப்போ நீ இந்த டீம்ல இருக்க முடியாது. வர்ற ஞாயிறு டிசைனர் டியூட்டிக்கு வரட்டும்."

டிசைனர் பதறி எழுந்தான்.

"சார், அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. நானும் என் மனைவியும் பிரிஞ்சுட்டோம். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்தான் என் பொண்ணைப் பார்க்க கோர்ட்ல அனுமதி. இந்தக் குலுக்கல் வர்றதுக்கு முந்தி ஒரு ஞாயிறு இங்க மாட்டிக்கிட்டேன். குழந்தை எனக்காகக் காத்திருந்து, அழுதுட்டே திரும்பிப் போச்சாம். அதைத்தான் அக்காகிட்ட புலம்பினேன். யாருக்கும் தெரிய வேண்டாம்னு கெஞ்சினேன். என் பேர் வராதது என் அதிர்ஷ்டம்னுதான் இவ்வளவு நாளா நெனச்சேன்."

எல்லோருக்கும் மனசு கனத்துவிட்டது. ஆனாலும் டெஸ்டர் லேசில் விடுகிற ஆளா?

"பாவம்தான் சார். அதுக்காக அவர் பங்கையும் மத்தவங்க தலையில கட்டுறது நியாயமா?"

"நூறு தடவை ஓட்டினியே, உங்களுக்கெல்லாம் எத்தனை வந்துச்சு?" என்றார் மேனேஜர்.

டெஸ்டர் தன் காகிதத்தைப் பிரித்தான். டிசைனருக்கு நேராக இருந்த பூஜ்ஜியத்துக்கு மட்டும் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். மற்ற எண்களை அப்போதுதான் படித்தான்.

"எங்க நாலு பேருக்கும் பதினாறு, பதினேழுதான் சார். ஆறில் ஒரு பங்கு. எங்களுக்கு எதுவும் கூடல."

"புரோகிராம் எழுதின பொண்ணுக்கு?"

டெஸ்டர் அந்த எண்ணை இரண்டு முறை படித்தான்.

"முப்பத்தி நாலு, சார். டிசைனர் பேர் இருக்க வேண்டிய இடத்துல அக்கா தன் பேரையே இன்னொரு தடவை எழுதி வெச்சிருக்காங்க."