இரண்டாம் வழி

“ரெண்டு கேபிளையும் ஒரே பெட்டியில சொருகி வெச்சிருக்கியே, உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா?”

மேனேஜர் மேசையில் அடித்த அடியில் தண்ணீர் டம்ளர் குதித்தது.

எதிரே நின்றவர் டேப் அண்ணன். மணிக்கட்டில் எப்போதும் ஒரு கறுப்பு டேப் சுருளை வளையல் மாதிரி மாட்டியிருப்பார். அதனால் அந்தப் பெயர். எங்கள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் கேபிள் வேலை முழுக்க அவர் பொறுப்பு. ஏழு வருடமாகத் தற்காலிகம். இந்த மாதம்தான் நிரந்தரம் ஆகவேண்டியது.

எனக்கு அவர்மேல் துளிகூட இரக்கம் வரவில்லை. அவரை வேலையைவிட்டு எடுக்கச் சொல்லி, அழைப்பு எடுக்கும் நாங்கள் எல்லோரும் எழுதிய மனுவில் முதல் கையெழுத்தே என்னுடையதுதான்.

பின்னே என்ன? நேற்றுக் காலை பதினோரு நிமிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்களிடம் இரண்டு சர்வர். ஒன்று அழைப்பை வாங்கும். மற்றது பக்கத்தில் இருக்கும் வண்டிக்கு முகவரியை அனுப்பும். இரண்டுக்கும் நடுவே இரண்டு கேபிள், ஒவ்வொன்றும் ஒரு தனி ஸ்விட்ச் பெட்டி வழியாக. ஒரு பெட்டி போனாலும் இன்னொன்று வழியாக வேலை நடக்கும். அதற்காகத்தான் இரண்டு.

நேற்று ஒரு பெட்டி கருகியது. எல்லாமே நின்றது. திறந்து பார்த்தால் இரண்டு கேபிளும் அந்த ஒரே பெட்டியில்!

ஹெட்போனில் ஒரு பெண், “அப்பா மாடிப்படியில விழுந்துட்டாருங்க, எழுந்திருக்கவே இல்ல” என்று அழுகிறாள். என்னால் ஒரு வண்டியை அனுப்ப முடியவில்லை. முகவரியைக் கையில் எழுதிக்கொண்டு, என் சொந்த போனில் டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். யார் செய்த புண்ணியமோ.

“சொல்லுய்யா! ஒரு நிமிஷம்கூட நிக்காத சேவைன்னு ஷீல்டு வாங்கின ஆபீஸ் இது. அந்தப் பேரையே கெடுத்துட்டியே!”

மேனேஜருக்குப் பின்னால் சுவரில் பெரிய டிவி. அந்த ஷீல்டு வாங்கிய விழாவின் வீடியோ. விழா முடிந்து இரண்டு மாதம் ஆகியும் நாள் முழுக்க ஓடும். சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருப்பார். திரையிலும் அவர்தான், ஷீல்டும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என் தப்புதான் சார்” என்றார் டேப் அண்ணன்.

“ஒத்துக்கிட்டா ஆச்சா? நாளையிலேர்ந்து வரவேண்டாம். ஆர்டர் ரெடியாகுது. போய் உன் சாமானை எல்லாம் எடுத்து வை.”

எனக்கு மனசு ஆறவில்லை. அவர் பின்னாலேயே சர்வர் அறைக்குப் போனேன்.

ரேக்கில் கருகிய பெட்டிக்குக் கீழ்த் தட்டு காலியாக இருந்தது. அங்கே ஒரு பெட்டி இருந்த தடம் தூசியில் தெரிந்தது.

“அண்ணே, இங்க இருந்த ரெண்டாவது பெட்டி எங்க?”

அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார். “இருக்கும்மா. நல்லாத்தான் இருக்கு.”

“எங்க இருக்கு?”

“‘சும்மாதானே கிடக்கு, கொண்டா’ன்னு கேட்டாங்க. கொடுத்தேன்.”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“கேட்டா கழட்டிக் கொடுத்துடுவீங்களா? சும்மா கிடக்கறதுக்குத்தானே அதை வாங்கி வெச்சதே! வீட்டுத் தாழ்ப்பாளைக் கேட்டாலும் இப்படித்தான் கொடுப்பீங்களா?”

“இதையேதான் நானும் சொன்னேன், எடுபடல. மூணு தடவை போய்த் திருப்பிக் கேட்டேன். நிரந்தரம் ஆகற நேரத்துல எதுக்கு வம்புன்னு அப்புறம் விட்டுட்டேன். கேபிளை மாத்திச் சொருகினது என் கைதானே?”

“கேட்டது யாரு? பேரைச் சொல்லுங்க!”

“விடும்மா. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது?”

சொல்லமாட்டாராம்! யாரோ வேண்டியவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இப்போது பெருந்தன்மை வேறு! விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குத் திரும்பினேன்.

“சார், ரெண்டாவது பெட்டியை அவர் யாருக்கோ எடுத்துக் கொடுத்திருக்கார். என்கிட்ட அவரே சொன்னார்.”

மேனேஜர் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா! ஆபீஸ் சொத்தையே கடத்தியிருக்கான். இதையும் ஆர்டர்ல சேர்த்துடறேன். நீங்க சாட்சின்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கம்மா.”

ஆர்டரை என் பக்கம் தள்ளி அவர் நீட்டிய பேனாவை வேகமாக வாங்கியதில், அது நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. குனிந்தேன்.

மேனேஜரின் ஷூவுக்குப் பக்கத்தில் தட்டையாக ஒரு பெட்டி. பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. அவர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிள் அதற்குள் வந்தது, இன்னொன்று அதிலிருந்து சுவரேறி டிவிக்குப் போனது. பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பில், வெள்ளை மையில், டேப் அண்ணனின் கோணல் எழுத்து: ‘இரண்டாம் வழி. கழற்றாதீர்கள்.’

கோபம் மேனேஜர்மேலா, மனுவில் இருக்கும் என் முதல் கையெழுத்தின்மேலா என்று தெரியவில்லை. எல்லாக் கேபிளையும் ஒரே இழுப்பில் பிடுங்கினேன்.

திரையில் சிரித்துக்கொண்டிருந்தவர் காணாமல் போனார்.

“என்னம்மா பண்றீங்க? ஓடிட்டிருக்கிற பெட்டியைப் போய் யாராவது கழட்டுவாங்களா?” என்று அலறினார் மேனேஜர்.

பெட்டியைத் தூக்கி, இன்னும் கையெழுத்தாகாத அந்த ஆர்டரின் மேல், எழுத்து அவர் பக்கம் தெரியும்படி வைத்தேன்.

“சும்மாதானே சார் கிடந்துச்சு!”