உட்காரக் கூடாத ஸ்டூல்

"இதை ஸ்டூல்னு நினைக்காதீங்க" என்றார் பேராசிரியை.

வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. மேசைமேல் இருந்தது சாட்சாத் ஸ்டூல்தான். மரத்தால் ஆனது. நாலு காலில் ஒன்று லேசாக ஆட்டம்.

கலைத் தத்துவத்துக்கு இன்றுதான் முதல் வகுப்பு.

"இது எதுக்கு உதவும்ங்கறதை மறந்துடுங்க. அதை மறந்தாத்தான் ஒரு பொருளோட அழகு கண்ணுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் பார்த்து, தோணறதை எழுதுங்க. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இருபது மார்க்."

மார்க் என்றதும் குசுகுசுப்பு அடங்கிவிட்டது.

ஆளாளுக்குக் கன்னத்தில் கை வைத்து ஸ்டூலை வெறித்தார்கள். முன் பெஞ்சுக் கண்ணாடிக்காரன் பத்தே நிமிஷத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டான். அவனுக்கு எதைக் கொடுத்தாலும் எழுத வரும்.

கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் ஸ்டூலைப் பார்க்கவே இல்லை. பாதி திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கையைத் தூக்கினாள்.

"பேசக் கூடாதுன்னு சொன்னேனே. எழுதும்மா."

கை இறங்கியது. கண் மட்டும் மறுபடி கதவுக்கே போனது. பேராசிரியைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன, வெளியில யாராவது நிக்கிறாங்களா?"

"ஆமா மேடம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"அவரை அப்புறமா போய்ப் பார்த்துக்கலாம். இப்ப இதைப் பாரு."

"இல்ல மேடம், அது வந்து..." என்று எழுந்தாள்.

"உட்காருங்கறேன்ல."

உட்கார்ந்தாள். காது வரை சிவந்திருந்தது. பேனாவை எடுத்து என்னவோ எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

நேரம் முடிந்ததும் பேராசிரியை தாள்களை வாங்கி அங்கேயே புரட்டினார். கண்ணாடிக்காரன் நாலு பக்கம் எழுதியிருந்தான்.

"'யாரும் உட்காராமல் இருப்பதே இதன் பேரழகு.' கேட்டீங்களா? இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்று உச்சி குளிர்ந்து பதினெட்டு போட்டார்.

கடைசித் தாள் அவளுடையது. மூன்றே வரி.

"எல்லாரும் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க, நீ மூணு வரி. கண் முன்னாடி இருக்கறதைப் பார்க்கத் தெரியாதவங்களுக்கு இந்தப் பாடம் எதுக்கும்மா?"

அவள் தலை குனிந்திருந்தாள். முட்டை போடுவதற்காகச் சிவப்புப் பேனாவைத் திறந்தபடியே பேராசிரியை அந்த வரிகளைப் படித்தார்.

'மேடம், நீங்க வாசல்லேர்ந்து எடுத்துட்டு வந்த ஸ்டூல், அங்கே காவலுக்கு இருக்கற அக்காவோடது. அவங்களுக்கு இது ஏழாவது மாசம். வகுப்பு ஆரம்பிச்சதுலேர்ந்து செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.'