கிறுக்கும் பொறியும்

சலவைக்கடைக்காரருக்குத் திடீரென்று ஏதாவது தோன்றினால் அதற்குப் பெயர் ஞானோதயம். அவர் மனைவிக்குத் தோன்றினால் கிறுக்கு.

"வெளுக்க வர்ற சட்டையில பட்டன் இல்லேன்னா நாமளே தைச்சுக் கொடுத்துடலாமே?" என்றாள் ஒருநாள்.

"கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? போய் இஸ்திரியைப் பாரு!"

அடுத்த வாரமே எதிர்ச் சலவைக்கடையில், 'பட்டன் இலவசமாகத் தைத்துத் தரப்படும்' என்று பலகை தொங்கியது. அங்கே கூட்டம் அலைமோதியது. இங்கே இவர் ஈ ஓட்டினார்.

"எப்படிப் பொறி தட்டியிருக்கு பாரு அவனுக்கு!"

"இதைத்தானே நான் சொன்னேன்?"

"நீ சொன்னது உளறல். அவன் செஞ்சது யோசனை."

வேலைக்குப் போகிறவர்களுக்காக விடிந்ததும் கடையைத் திறக்கலாம் என்றாள். அதுவும் கிறுக்காகத்தான் பட்டது அவருக்கு. எதிர்க்கடை விடிந்ததும் திறந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டேவிட்டார்.

"தம்பி, உங்களுக்கு மட்டும் எப்படித்தான் இப்படியெல்லாம் தோணுது?"

"எனக்கு எங்கண்ணே தோணுது? யோசனை சொல்றவங்க வேற. இன்னிலேருந்து கடையில பங்குதாரராவே சேர்ந்துட்டாங்க. உள்ள இருக்காங்க, பாருங்க."

உள்ளே துணி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவர் மனைவி!

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினார்.

"ரெண்டு தடவையும் மொதல்ல உங்ககிட்டதான் சொன்னேன்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "அங்க சொன்னா கிறுக்கு. அதையே இங்க சொன்னா பொறி. இனிமே இங்கதான் சொல்லப்போறேன்."