நிமிடத்துக்கு அறுபத்து நான்கு

"இந்தப் பாதி விலைப் பெட்டிய நம்பி நான் உள்ள போகணுமாடி, பூச்சி?"

டெக்னீஷியன் அக்கா கேட்டதும் ஆய்வகத்தின் இளைய உதவியாளர் பெட்டியின் வயரை மறுபடி செருகிப் பார்த்தாள். அக்கா வைத்த 'வாயில்லாப்பூச்சி' என்ற பெயர்தான் சுருங்கிப் பூச்சி ஆகியிருந்தது.

மேசை மேல் புதுக் கவுன்ட்டர். அதில் சிவப்பாக 58,310.

ஈயக் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு ஈய ஜாடிக்குள் கதிர்வீச்சுக் குப்பி இருந்தது. ஜாடி மூடியிருந்தால் அதன் பக்கத்தில் இருக்கும் உணர்கருவியிலிருந்து நிமிடத்துக்கு ஐம்பது துடிப்புகள்தான் வரும். கவுன்ட்டர் அவற்றை எண்ணி, ஒவ்வொரு நிமிடமும் முடிந்ததும் காட்டும். காலையில் காட்டியது ஐம்பத்திரண்டு. சோதனை முடிந்து, வெளியே இருந்தபடி நீளக் கம்பியைத் திருகி ஜாடியை மூடிய பிறகு காட்டுவது இது.

"மூடி சிக்கிடுச்சாக்கா?"

"மூடி சிக்குச்சா, இல்ல உன் பெட்டி உளறுதா? பழைய கவுன்ட்டர் பதினாலு வருஷம் இருந்துச்சு. ஒரு நாளும் என்னை இப்படிப் பயமுறுத்தினதில்ல."

"மூணு கொட்டேஷனையும் வரி வரியா ஒப்பிட்டுத்தான்க்கா எடுத்தேன். டைமர் அதே துல்லியம். வேகமும் அதேதான். ஒரே ஒரு வரிதான் வித்தியாசம், அது நமக்குத் தேவையே படாது…"

"சரி சரி, அழுதுடாத. மிச்சம் பிடிச்ச காசுலதான் எனக்குச் சுத்துற நாற்காலி வந்துச்சு. உன்னத் திட்டினா அதுவே என்னக் கீழ தள்ளிடும்."

அக்கா சிரித்தாள். கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"சேஃப்டி ஆபீசருக்கு இன்னொரு தடவை போன் போடட்டுமா?"

"நாலு தடவ போட்டாச்சு. ஜாடிக்குக் கையால பூட்டுப் போடாம நான் கிளம்ப முடியாது. சின்னவ ஸ்கூல் வாசல்ல நிப்பா." அக்கா சட்டையில் குத்தியிருந்த கதிர்வீச்சு பேட்ஜைத் தட்டினாள். "இதுகிட்ட கேக்கலாம்னா, மாசக் கடைசியில சோதனைக்கு அனுப்பினாத்தான் வாயத் திறக்கும். உனக்கு அக்கா முறை."

பூச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாத ஒப்பந்த வேலை போனால் போகட்டும். அக்காவுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்கா கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்றுத் திருகினாள். உள்ளே 'டங்' என்று ஒரு சத்தம்.

"மூடி விழுந்துச்சு! எண்ணச் சொல்லு உன் பெட்டிய."

பூச்சி பொத்தானை அழுத்தினாள். கவுன்ட்டரின் திரையில் வினாடி மட்டும் ஓடியது. பத்து. இருபது. நாற்பது. அக்கா கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஐம்பத்தொன்பது. அறுபது.

64.

"அப்பாடா!" அக்கா சுவரில் சாய்ந்தாள். "உயிரே வந்துச்சுடி."

"இன்னொரு நிமிஷம் பாத்துடலாமேக்கா…"

அது பூச்சிக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன முணுமுணுக்கற? காலையில அம்பத்திரண்டு, இப்ப அறுபத்துநாலு. இதுக்கெல்லாம் யாராவது பயப்படுவாங்களா? அஞ்சே நிமிஷத்துல பூட்டிட்டு வந்துடறேன். உன் பெட்டியப் பத்திச் சொன்னதெல்லாம் வாபஸ், போதுமா?"

ஈயக் கதவு திறந்து, மெல்ல நகர்ந்து, அக்காவுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

பூச்சி அந்தச் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். படபடப்பு அடங்கியது. மலிவாக இருந்தாலும் பெட்டி ஏமாற்றவில்லை. இதைத் துறைத்தலைவரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கொள்முதல் ஃபைலை எடுத்து, தான் எழுதிய ஒப்பீட்டுப் பட்டியலைப் பிரித்தாள்.

டைமர் துல்லியம் சமம். வேகம் சமம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை மையில் அவள் போட்ட டிக்.

கடைசி வரியிலும் பச்சை டிக்தான். பக்கத்தில் அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து: 'உச்ச எண்ணிக்கை 65,535. அதைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். நமக்கு வருவது ஐம்பதுதான், இது போதும்.'

பூச்சி வாழ்க்கையில் முதல்முறையாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கதவை நோக்கி ஓடினாள். உள்ளே அக்கா ஜாடியின் மேல் குனிந்திருப்பாள், அறுபத்து நான்கை நம்பி. அது, மூடி இன்னும் விலகி, உச்சத்தைத் தாண்டிப் பூஜ்யத்தை ஒருமுறை சுற்றி வந்த அறுபத்தைந்தாயிரத்து அறுநூறு.