கொடைக்கானலுக்கு ஐந்து கிலோ அரிசி

"பாரேன் அநியாயத்தை! பெண்டாட்டி முதுகுல மூட்டை, இவர் கையில புத்தகம்!"

ஜன்னலில் நின்று நான் பொங்கினேன். என் மனைவி ராஜாம்பாள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "தெனம் அதையே பாத்துகினு நிக்கிறீங்களே, இட்லி ஆறுது, வாங்க."

எதிர் குவார்ட்டர்ஸ் கருணாகரனும் அவர் மனைவி சந்திராவும் போய்க்கொண்டிருந்தார்கள். சந்திராவின் முதுகில் காக்கிப் பை, அதற்குள் பாரம் சுமந்து பழக ஐந்து கிலோ அரிசி. புடவைக்குக் கீழே இரண்டு ஜோடி சாக்ஸ், கேன்வாஸ் ஷூ. பின்னால் கருணாகரன், மலையேற்றம் பற்றிய லைப்ரரி புத்தகத்தை மூச்சு வாங்க வாசித்துக்கொண்டே வந்தார்.

"ஏறும்போது பேசக் கூடாதாம். மூக்காலதான் மூச்சு விடணுமாம். காதுல விழுதா சந்திரா?"

"பேசறது நீங்கதாங்க."

மூன்று மாதமாக இதே கூத்து. மே மாதம் கொடைக்கானலில் நான்கு நாள் நடைப்பயணமாம். நெய்வேலியில் மலைக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமையானால் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேட்டுப் பக்கம் போய்விடுவார்கள். பிளாக்கே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் லீவு செக்‌ஷன் கிளார்க். டவுன்ஷிப்பில் யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பது அவரவர் வீட்டுக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரியும். ஏப்ரல் முடியப் போகிறது, கருணாகரன் லீவும் போடவில்லை, ஊர் போய்வரக் கம்பெனி தரும் எல்.டி.சி. பணமும் கேட்கவில்லை.

கான்டீனில் பிடித்தேன்.

"மே மாச லிஸ்ட்ல உங்க பேரே இல்லையே சார்?"

டீ டம்ளரோடு என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"மெதுவாப் பேசுங்க பழனிவேல் சார். கொடைக்கானலும் இல்ல, ஒண்ணும் இல்ல. சந்திராவுக்குச் சர்க்கரை. தினம் நாலு மைல் நடக்கணும்னுட்டார் டாக்டர். அதைச் சொன்னேன், 'நான் நோயாளி ஆயிட்டேனா'ன்னு அழுதுகிட்டுப் படுத்தவ ஒரு வாரம் எழுந்திரிக்கல. அப்பதான் இந்தப் புத்தகம் கண்ணுல பட்டுச்சு. மலைக்குப் போறோம்னேன். மறுநாளே ஷூ கேட்டா!"

"மே மாசம் என்ன சொல்வீங்க?"

"லீவு கிடைக்கல, டிசம்பர்ல போகலாம்பேன். அப்ப குளிர் ஜாஸ்தி, இன்னும் நல்லா நடந்து பழகணும்பேன்."

"பொய்தானே சார்?"

"பொய்தான். சர்க்கரை இறங்கியிருக்கே."

எனக்கு மனசு ஆறவில்லை. அந்தம்மா கொடைக்கானல் குளிருக்கு ஸ்வெட்டர் வேறு பின்னிக்கொண்டிருந்தார். கடைசி நாளில் அந்த மனசு என்ன பாடுபடும்? ஊரில் ஒரு யோக்கியனாவது இருக்க வேண்டாமா என்று, மறுநாள் பால் பூத்தில் மெல்ல ஆரம்பித்தேன்.

"தங்கச்சி, மே மாசம் லீவு கிடைக்கிறது கஷ்டம்தான். மனசைத் தேத்திக்குங்க."

"அவர் லீவே போடலைண்ணே. எனக்குத் தெரியும்."

பால் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"சர்க்கரைன்னதும் நான் அழுதது நிஜம்தான். படுத்துக்கிட்டே யோசிச்சேன். அவருக்கு பி.பி. வந்து ரெண்டு வருஷமாச்சு, டாக்டர் நடக்கச் சொல்லியும் ஈஸி சேரை விட்டு அசைய மாட்டார். நாலு தரம் சொன்னா அஞ்சாவது தரம் சண்டை. எதையும் புத்தகத்துல பார்த்தாத்தான் மனுஷனுக்கு நம்பிக்கை. அதான் அவர் ஆபீஸ் போன நேரத்துல எழுந்து போய், லைப்ரரியிலேருந்து அந்த மலைப் புத்தகத்தை எடுத்துட்டு வந்து ஈஸி சேர் மேல போட்டேன்."

"நீங்களா?"

"என்னை நடக்க வைக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு அவரே நாலு மைல் நடக்கறார் பாருங்க. சொல்லிடாதீங்கண்ணே, நின்னுடுவார்."

"அப்ப அந்த ஸ்வெட்டர்?"

"ஸ்வெட்டர் பின்னலைன்னா நம்புவாரா?"

பாலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் நாற்காலி மேல் ஒரு புத்தகம். அட்டையில் மலை.

"ஏங்க," என்று ராஜாம்பாள் காபியோடு வந்தாள். "சந்திராகிட்ட கேட்டு வாங்கியாந்தேன். டிசம்பர்ல நாமளும் ஏற்காட்டுக்கு நடந்தே ஏறலாமா?"

அவள் கண் என் தொப்பை மேல் இருந்தது.

டிசம்பரில் எனக்கு ஒரு நாள்கூட லீவு பாக்கி இல்லை. அது என்னைவிட யாருக்குத் தெரியும்?

"பையில எத்தனை கிலோ அரிசி போடணும்?" என்று கேட்டேன்.