முட்டை போடாத கோழி

மார்கழிப் பனியில் டிராக்டருக்கு உடம்பு சில்லிட்டிருந்தது. மரகதத்தின் புருஷன் அதை ஸ்டார்ட் செய்து, சீக்கிரம் சூடேறட்டும் என்று ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

உள்ளே மூலையில், பஞ்சாரக் கூடைக்குள் ஒரு கோழி ஏழு குஞ்சுகளோடு அடைபட்டிருந்தது.

"அண்ணே, கதவைச் சாத்திக்கிட்டுப் புகை விடாதீங்க. பிள்ளைங்களுக்கு ஆகாது," என்றது கோழி.

"புகையா? கண்ணுக்கே தெரியலையே!" என்றது டிராக்டர். "நேத்து என் நிழலைப் பார்த்துப் பருந்துன்னு கத்தினவதானே நீ?"

கோழி கத்திப் பார்த்தது. தினமும் கத்துகிற கோழி என்பதால் யாரும் வரவில்லை. கடைசிக் குஞ்சின் தலை தொங்க ஆரம்பித்தது.

கோழி யோசித்தது. பிறகு, முட்டை போட்ட கோழியைப் போலக் கொக்கரித்தது.

ஷட்டர் சடசடவென்று மேலே போனது. கையில் கிண்ணத்தோடு மரகதம் நின்றாள்.

"குஞ்சு வெச்சிருக்கிறவ முட்டையா போட்டா?" என்று கேட்கும்போதே அவளுக்கு இருமல் வந்தது. ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினாள். பஞ்சாரத்தை வாசலுக்குத் தூக்கி வந்தாள்.

"ஏங்க, வண்டியை வெளியே நிறுத்திச் சூடேத்தக் கூடாதா?"

வெளிக்காற்றில் ஏழு குஞ்சுகளும் கீச்கீச்சென்றன. மரகதம் ஷெட்டுக்குள் போய்த் தேடிவிட்டு வந்தாள். "பொய்க்காரி! முட்டையே இல்லை."

அந்தத் திட்டு கோழிக்கு இதமாக இருந்தது.

வாசலுக்கு வந்து நின்ற டிராக்டர் தொண்டையைக் கனைத்தது. "பருந்து வந்தா நானே ஹாரன் அடிக்கிறேன்மா. நீ கொஞ்சம் கண்ணை மூடு."