முப்பது குள்ளர்

"முப்பது ஆள், முப்பது கோடரி. இவங்கள் எங்க ஒளிச்சிருக்கிறாங்கள் எண்டு சேர் கேக்கிறார்."

சார்ஜன் சிங்களத்தில் கத்தியதை மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார். சிங்களம் தெரியுமென்று ஊருக்குள்ளிருந்து அவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்திருந்தார்கள். மேசைமேல் கணேசமூர்த்தியின் கொப்பி விரிந்து கிடந்தது. டிக்கோயா பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது அகப்பட்டது. போர்க்காலம், ஆயுதப் பட்டியல் எழுதிய கொப்பியோடு பிடிபட்டவனை யார் விடுவார்கள்?

"எங்கயும் இல்லைங்க சேர். வெளாட்டு. தாயக்கட்டை உருட்டி, ஆளுக்கொரு வேசம் எடுத்து வெளாடுறது. நான் குள்ளன், அந்த முப்பது பேரும் என் படை."

சார்ஜன் அவனுடைய ஐந்தடி எட்டங்குல உயரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொரு பக்கத்தைத் தட்டினார்.

"உயரம் நாலடி. இருட்டில கண் தெரியும். சின்னப் பிள்ளையளையோ சண்டைக்கு விடுறியள்?"

"பிள்ளைங்க இல்லைங்க, தாடி வச்சவங்க. மலைக்குள்ள சுரங்கம் தோண்டிப் பொழைக்கிறவங்க."

சுரங்கம் என்று சொன்னது தப்போ என்று உடனே தோன்றியது. ஆனால் பாதியில் விட்டால் பொய்யாகத் தெரியும். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான்.

"குள்ளன் வெட்டவெளிக்கு வரமாட்டான். எதிரிய ஒடுங்கின பாதைக்குள்ள இழுப்பான். மூணு மூணு பேரா ஒட்டி நிப்பாங்க. ஒருத்தன் கேடயம் பக்கத்து ஆளுக்கும் மறைப்பு. நெட்டையனோட முழங்காலப் பாத்துத்தான் கோடரியப் போடுவாங்க. ஓடவே மாட்டாங்க. ஒருத்தன் வெலகினா பக்கத்து ஆள் செத்தான்."

மொழிபெயர்ப்பாளர் அவ்வளவையும் ஒரே வரியில் முடித்தார். கணேசமூர்த்திக்குக் கொஞ்சம் சிங்களம் புரியும். விளையாட்டு என்ற சொல் அந்த வரியில் இல்லை.

"வெளாட்டுன்னு சொல்லுங்க சேர். அதை மட்டும் ஏன் முழுங்குறீங்க?"

"எனக்குப் படிப்பிக்க வேண்டாம். கேட்டதுக்குப் பதில் சொல்லும்."

சார்ஜன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். வளைந்து வளைந்து போகும் சுரங்கங்கள், வாசல்கள், அம்புக்குறிகள்.

"இது உம்மட கை இல்லையாம். இந்தப் படத்தைக் கீறினது ஆர்? பேரைச் சொன்னால் இப்பவே வீட்ட போகலாம். சொல்லாட்டில் கொழும்புக்கு ஏத்துவினம்."

கொழும்புக்கு ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வர வருடங்கள் ஆயின, சிலர் வரவேயில்லை. ஒரு பெயர் போதும், அவன் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்விடலாம். அந்தப் பெயருக்குரிய ஆள் உள்ளே போவார். அவருடைய குழந்தைக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை.

"சொல்லும்."

கணேசமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"நெசமாவே சொல்லவா சேர்?"

மொழிபெயர்ப்பாளர் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுங்க," என்று காறித் துப்புவதுபோலச் சொன்னான்.

கொன்ஸ்தாபிள் அவனை உள்ளே தள்ளிக் கம்பிக் கதவைப் பூட்டினார். சார்ஜன் நீட்டிய தாளில் 'மொழிபெயர்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் படத்தைக் கீறிக்கொடுத்த றமணன் சேர் மாலை வகுப்பு எடுக்கப் போனார்.